எஸ்.ஐ.பி. அழைப்பு மாதிரியை ஸ்பின் பாதியில் நிறுத்துகிறது: பிழை மாதிரியிலா, தரநிலையிலா?

வினா

வணக்கம். இணையவழித் தொலைபேசி அழைப்புகளைக் கையாளும் சர்வர் மென்பொருள் ஒன்றில் பணிபுரிகிறேன். வாடிக்கையாளர்களிடமிருந்து அவ்வப்போது ஒரே புகார் வருகிறது: மணி அடிக்கிறது, எடுத்தால் மறுமுனையில் யாரும் இல்லை, அரை நிமிடம் போல அமைதியாக இருந்துவிட்டு இணைப்பு தானாகத் துண்டிக்கப்படுகிறது. ஆய்வகத்தில் இது பிடிபடவே இல்லை என்பதால், இத்தகைய அழைப்புகளை ஏற்படுத்தும் எஸ்.ஐ.பி. நெறிமுறையின் தரநிலையான ஆர்.எஃப்.சி. 3261-இல் உள்ள இன்வைட் (அழைப்புக் கோரிக்கை), கேன்சல் (அதை ரத்துசெய்தல்) நடைமுறையை மட்டும், மாதிரிகளை எழுதுவதற்கான ப்ரொமேலா மொழியில் எழுதி, நிகழக்கூடிய எல்லா வரிசைகளையும் சோதிக்கும் ஸ்பின் கருவியில் ஓட்டினேன்.

அழைப்பவர், அழைக்கப்படுபவர் என இரண்டு புராசஸ்கள். திசைக்கு ஒன்றாக இரண்டு சேனல்கள். ஸ்பின், ‘செல்லாத முடிவுநிலை’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. பிழைக்கு இட்டுச்சென்ற படிகளைப் பதிவுசெய்யும் டிரெயில் கோப்பை ஓட்டிப் பார்த்தால், அழைப்பவர் கேன்சல் அனுப்பிவிட்டு 487 (ரத்தானது என்ற பதில்) வருமென்று காத்திருக்கிறார். அழைக்கப்படுபவரோ 200 ஓகே (அழைப்பை ஏற்ற பதில்) அனுப்பிவிட்டு ஆக் (அது கிடைத்ததற்கான ஒப்புதல்) வருமென்று காத்திருக்கிறார். அந்த 200 யாரும் எடுக்காமல் சேனலிலேயே கிடக்கிறது. இது என் மாதிரியின் குறையா, தரநிலையிலேயே உள்ள ஓட்டையா? தவிர, செய்தி தொலைவதையும் மறு அனுப்புதலையும் சேர்த்தவுடன் நினைவகம் நிரம்பிவிடுகிறது. வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

தரநிலையில் ஓட்டை இல்லை. ஆனால் அது ஓரிடத்தில் எழுதப்படவும் இல்லை. 9-ஆம் பிரிவு, இறுதிப் பதில் அனுப்பப்பட்டுவிட்ட இன்வைட்டின் மீது கேன்சலுக்கு எந்த விளைவும் இல்லை என்கிறது. வந்து சேரும் ஒவ்வொரு 2xx பதிலுக்கும் (200 போன்ற வெற்றிப் பதில்) ஆக் அனுப்பியே தீர வேண்டும் என்பது 13.2.2.4-இல் இருக்கிறது. அப்படி உருவாகிவிட்ட அழைப்பை முடிக்க பை அனுப்ப வேண்டும் என்பதை 15-ஆம் பிரிவில் போய்த் தேட வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான், ‘கேன்சல் அனுப்பிய நிலையில் 200 வந்தால் ஆக், உடனே பை’ என்ற ஒரு வரி கிடைக்கிறது. உரைநடை நடைமுறை வாரியாக எழுதப்படுகிறது; நிலைப்பொறியோ ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொரு செய்திக்கும் பதில் கேட்கிறது. ஸ்பின் உங்களிடம் கேட்டது அதைத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இன்வைட்டுக்கான 200-ஐயும் கேன்சலுக்கான 200-ஐயும் ஒரே செய்தி வகையாக எழுதியிருந்தால், இரண்டாகப் பிரித்துவிடுங்கள். உண்மையான செய்தியில் சி-சீக் தலைப்பில் உள்ள மெத்தட் பெயர்தான் அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. மாதிரியில் அது இல்லாவிட்டால் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டு, இருக்கும் பிழையும் மறைந்துபோகும்.

உங்கள் ‘அரை நிமிடம்’ எனக்கு வியப்பளிக்கவில்லை. ஆக் வராதவரை அழைக்கப்பட்டவர் பக்கம் 200-ஐ மீண்டும் மீண்டும் அனுப்பும். செய்தி போய்த் திரும்பும் நேரத்தின் மதிப்பீடான டி1-இன் 64 மடங்கு, அதாவது டி1 வழக்கமான 500 மில்லி விநாடியாக இருந்தால் 32 விநாடி கழிந்த பின், தானே பை அனுப்பி முடித்துக்கொள்ளும். புகாரும் டிரெயிலும் ஒரே நிகழ்வைத்தான் சொல்கின்றன என்று நினைக்கிறேன்.

மறுமொழி 2

நினைவகச் சிக்கலுக்கு என் கருத்து. கால்-ஐடி (அழைப்பின் அடையாளம்), எஸ்.டி.பி. (ஒலி இணைப்பின் விவரம்), தொலைபேசி எண் எதுவும் இந்த மாதிரிக்குத் தேவையில்லை, இருந்தால் நீக்கிவிடுங்கள். சேனல் கொள்ளளவை இரண்டு அல்லது மூன்றில் நிறுத்துங்கள். மறு அனுப்புதலுக்கு உச்சவரம்பாக ஒரே ஒரு முறை போதும், ஏனெனில் இத்தகைய மோதல்கள் பெரும்பாலும் ஒரு நகல் கூடுதலாக வந்தாலே வெளிப்பட்டுவிடும். அதற்கும் மேல் நினைவகம் போதாவிட்டால் முதலில் ஸ்பின்னின் கொலாப்ஸ் சுருக்கத்தைப் போட்டுப் பாருங்கள். பிட்ஸ்டேட் முறை கடைசி வழி. அது நிலைவெளியில் (மாதிரி அடையக்கூடிய எல்லா நிலைகளிலும்) சில பகுதிகளைத் தவறவிடக்கூடும் என்பதால், அதில் பிழை கிடைத்தால் நம்பலாம், பிழை இல்லை என்று சொன்னால் நம்பக்கூடாது.

மறு அனுப்புதலுக்கு ப்ரொமேலாவின் டைம்-அவுட் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறீர்களா? வேறெந்தப் புராசஸும் நகர முடியாதபோதுதான் அது உண்மையாகும். பதில் வழியில் இருக்கும்போதே டைமர் முந்திக்கொண்டு அடிக்கும் நிலை அதில் வரவே வராது. ஆனால் நெட்வொர்க்கில் அதுதான் அடிக்கடி நடக்கிறது. டைமரை, எப்போது வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கக்கூடிய ஒரு கிளையாக எழுதுங்கள்.

வினா கேட்டவர்

இருவருக்கும் நன்றி. விடுபட்ட கிளையைச் சேர்த்ததும் முட்டுக்கட்டை நீங்கிவிட்டது. டைம்-அவுட்டையும் மாற்றினேன், உடனே வேறொரு எதிர்க்காட்டு (பிழையைக் காட்டும் ஓட்டம்) வருகிறது. ஒரு நகல் இன்வைட், 200 அனுப்பப்பட்ட பிறகு போய்ச் சேர்ந்து, புதிய அழைப்பாகக் கருதப்பட்டு மீண்டும் மணி அடிக்கிறது. தாமதமாகச் சேரும் கேன்சலுக்கு 481 (அப்படி ஓர் அழைப்பு இல்லை என்ற பதில்) கிடைக்கிறது. இதுவும் என் மாதிரியின் குறைதானா?

மறுமொழி 3

இம்முறை குறை தரநிலையுடையது. 2002-இல் வெளிவந்த 3261-இன்படி, 2xx அனுப்பிய அதே கணத்தில் சர்வர் பக்கத்து இன்வைட் பரிவர்த்தனை (அந்தக் கோரிக்கையைப் பற்றி அது வைத்திருக்கும் நினைவு) அழிக்கப்படுகிறது. அதன்பின் வரும் நகலையோ கேன்சலையோ பொருத்திப் பார்க்க அங்கே எதுவும் இருப்பதில்லை. 2010-இல் ஆர்.எஃப்.சி. 6026 இதைத் திருத்தி, ‘அக்செப்டட்’ என்ற நிலையைச் சேர்த்தது. பரிவர்த்தனை மேலும் 32 விநாடி உயிரோடு இருந்து நகல்களை விழுங்கிக்கொள்ளும், கேன்சலுக்கு 200 சொல்லும். அந்த நிலையை மாதிரியில் சேருங்கள். நீங்கள் பயன்படுத்தும் லைப்ரரி 6026-ஐப் பின்பற்றுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இது புதிய கதையும் அல்ல. ஐ.பி.எம்.மின் சூரிச் ஆய்வகத்தில் வெஸ்ட், சாஃபிரோபுலோ இருவரும் 1978-லேயே தரவு வலையமைப்புகளுக்கான எக்ஸ்.21 பரிந்துரையைக் கணினி வழி சோதித்து, அழைப்பை ஏற்படுத்தும் பகுதியில் இத்தகைய விடுபாடுகளைக் காட்டினார்கள். எஸ்.ஐ.பி.யையே ப்ரொமேலாவில் எழுதி ஸ்பின்னில் சோதித்தவர் ஏ.டி.&டி. ஆய்வகத்தின் பமீலா சேவ். இவ்வளவுக்குப் பிறகும் தரநிலைக் குழுக்கள் உரைநடையைத்தான் நம்புகின்றன. ஐ.எஸ்.டி.என். (டிஜிட்டல் தொலைபேசி வலையமைப்பு) சிக்னலிங்குக்கான தரநிலையான க்யூ.931, நிலைமாற்றங்களைக் காட்டும் எஸ்.டி.எல். வரைபடங்களை இணைப்பாகவே தருகிறது; ஆனால் உரையும் வரைபடமும் முரண்பட்டால் உரையே முதன்மை என்கிறது. எனக்கு இது தலைகீழாகத்தான் படுகிறது.

மறுமொழி 1 எழுதியவர்

ஒரு வேலை மீதமிருக்கிறது. முதல் டிரெயிலை அப்படியே ஒரு சோதனையாக மாற்றுங்கள். எஸ்.ஐ.பி. செய்திகளை அனுப்பிச் சோதிக்கும் எஸ்.ஐ.பி.பி. கருவியில் அழைக்கப்படுபவர் பக்கத்து சினாரியோவை (செய்தி வரிசையை) எழுதி, 180 (மணி அடிக்கிறது என்ற பதில்) அனுப்பிய பின் கேன்சல் வரும்வரை நிறுத்தி வைத்து, அதற்கு 200 சொல்வதற்கு முன்பே இன்வைட்டுக்கான 200-ஐ அனுப்பச் செய்யுங்கள். தற்செயலாக நேர வேண்டிய மோதல் ஒவ்வொரு முறையும் நேரும்.

வினா கேட்டவர்

அப்படியே செய்தேன்; முதல் ஓட்டத்திலேயே புகார் கண்முன் வந்தது. எங்கள் சர்வரில் இணைத்திருக்கும் வெளி லைப்ரரி, கேன்சல் அனுப்பிய பின் வரும் 200-ஐ எந்தப் பதிவும் இடாமல் கைவிடுகிறது. ஆக் போகவில்லை, 200 மீண்டும் மீண்டும் வருகிறது, 32-ஆம் விநாடியில் பை. லைப்ரரியை எழுதியவர்களுக்கு டிரெயிலையும் சினாரியோவையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். அவர்கள் திருத்தும்வரை, அந்த 200-ஐ எங்கள் பக்கத்திலேயே பிடித்து ஆக்கும் பையும் அனுப்பும் தற்காலிக ஏற்பாடு இன்று முதல் ஓடுகிறது.