உருளைக்கிழங்கு கசப்பது ரகத்தாலா, குளிராலா?

கேள்வி: மாடியில் பையில் விளைந்த கிழங்கு, துளி பச்சை இல்லை, ஆனாலும் பொரியல் கசந்து தொண்டை எரிந்தது. ரகத்துக்கு ரகம் நஞ்சு மாறுமா?

பதில்: நிச்சயம் மாறும். அமெரிக்காவில் சிப்ஸுக்காக 1967-ல் வந்த லெனாப்பே ரகத்தில், கிழங்கில் இயல்பாகவே இருக்கும் சொலனின் வகைக் கசப்பு நஞ்சு அதிகம் என்று 1970-ல் திரும்பப் பெற்றார்கள். இந்த நஞ்சு ஒரு கிலோ கிழங்குக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்.

பதில்: வானிலையும் உண்டுங்க. ஸ்வீடனில் காலங்காலமாகச் சாப்பிட்டு வந்த மேக்னம் போனம் கிழங்கிலேயே 1986-ல், குளிரும் மழையுமான பருவத்தில், அளவு எகிறி விற்பனையை நிறுத்த வேண்டியதாயிற்று.

கேட்டவர்: சரி, வேகவைத்தால் போகாதா?

பதில்: போகாது. தோலடியிலும் முளைக்கண்ணைச் சுற்றியும்தான் அதிகம், தடிமனாகச் சீவினால் குறையும். ஆனால் கசந்துவிட்டால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள், குழந்தைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம்.