எதிர்வீட்டுப் பெரியவர் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாமா? (மேற்கு ஆஸ்திரேலியா)

எதிர்வீட்டுத் தம்பி:
பெர்த்தில் இருக்கிறோம். எதிர்வீட்டில் தனியாக வாழும் வெள்ளைக்காரப் பெரியவருக்கு 80 வயது. 1953ல், எட்டு வயதுப் பையனாக, பிள்ளைகளை ஆஸ்திரேலியாவில் குடியேற்றும் திட்டத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டவர். அம்மா செத்துவிட்டாள் என்று சொல்லித்தான் ஏற்றினார்களாம். அவள் உயிரோடுதான் இருந்தாள் என்று ஐம்பது வயதுக்கு மேல் தெரிய வந்தபோது அவள் உண்மையிலேயே போய்ச் சேர்ந்திருந்தாள். வளர்ந்தது ஒரு பண்ணை விடுதியில். பெல்ட் அடி, வெறுங்காலோடு கட்டட வேலை என்று எப்போதாவது சொல்வார், அதைத் தாண்டிப் பேச்சு போனால் எழுந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். 2010 வாக்கில் மாநில அரசு இழப்பீடாக 13,000 டாலர் கொடுத்ததாம். இப்போது ஒரு வக்கீல் அலுவலகத்திலிருந்து போன் செய்து, தேசிய இழப்பீட்டுத் திட்டத்தில் 1,50,000 டாலர் வரை வாங்கித் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். போடலாமா என்று என்னிடம் கேட்கிறார். எனக்கு இதில் ஆனா ஆவன்னா தெரியாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரையோரக் காகம்:
தம்பி, முதலில் அந்த வக்கீலுக்குக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தத் திட்டத்துக்கென்றே நோமோர் என்ற சட்ட உதவி அமைப்பை அரசு பணம் கொடுத்து நடத்துகிறது, ஒரு காசு வாங்க மாட்டார்கள். 1,50,000 என்பது உச்சவரம்பு. இந்தக் கொடுமைகளை விசாரித்த அரசு ஆணையம் சிபாரிசு செய்தது 2,00,000, அரசுதான் குறைத்தது. நீதிமன்றம்போலச் சாட்சி, ஆதாரம் என்று கசக்க மாட்டார்கள், நடந்திருக்க நியாயமான வாய்ப்பு உண்டு என்று பட்டாலே போதும். 70 தாண்டியவர் என்பதால் 10,000 டாலர் முன்பணமும் கேட்கலாம். விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2027 ஜூன் 30. ஆனால் 80 வயதில் அதுவரை இழுக்காதீர்கள். விண்ணப்பித்த பிறகு ஏதாவது ஆனால் பணம் வாரிசுக்குப் போகும், விண்ணப்பிக்காமலே போய்விட்டால் ஒன்றும் கிடையாது.

பழைய கோப்பு:
மேலே சொன்னது சரி, முக்கியமான ஒன்று விட்டுப்போயிருக்கிறது. 2018 ஜூலையில் ஆரம்பித்த இந்தத் திட்டம் பாலியல் கொடுமைக்கு மட்டும்தான். பெல்ட் அடி, பட்டினி, கூலியில்லாத வேலை, அம்மா செத்துவிட்டாள் என்ற பொய், இதற்கெல்லாம் தனியாக ஒரு சதம்கூடக் கிடையாது, பாலியல் கொடுமையோடு சேர்ந்து நடந்திருந்தால்தான் கணக்கில் வரும். அவர் எழுந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறாரே, அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று நீங்கள் தோண்டாதீர்கள். நோமோர் எண்ணைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள், அவராகப் பேசட்டும். இன்னொன்று, திட்டம் தரும் தொகையை ஏற்றுக்கொண்டால் பொறுப்பான அமைப்பின் மேல் பிறகு சிவில் வழக்குப் போட முடியாது. யோசிக்க ஆறு மாதம் தருவார்கள், அதை முழுதாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஸ்வான் நதி:
அந்த 13,000 பற்றி யாரும் பேசவில்லையே. மாநிலத் திட்டம் முதலில் 80,000 வரை தருவதாகத்தான் சொன்னது. நிறையப் பேர் விண்ணப்பித்ததும் 2009ல் உச்சத்தை 45,000 ஆக்கிவிட்டார்கள், அதாவது அவர்களைக் கதையைச் சொல்ல வைத்து, அழ வைத்துவிட்டு அப்புறம் விலையைக் குறைத்தார்கள். இப்போது தேசியத் திட்டம் அந்தப் பழைய பணத்தையும் கழித்துக்கொள்ளும், அதுவும் வருடத்துக்கு 1.9% ஏற்றி. 13,000 என்பது 17,000க்கு மேலாகக் கழியும். இத்தனைக்கும் கப்பலில் வந்த அந்தப் பிள்ளைகளுக்கு 1946ஆம் வருடச் சட்டப்படி காப்பாளர் யார் தெரியுமா, ஆஸ்திரேலியாவின் குடியேற்ற அமைச்சர்! எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரியும். சரி, உதவியாக ஒன்று: இப்படி அனுப்பப்பட்டவர்களுக்கு பிரிட்டன் அரசு 2019ல் தனியாக 20,000 பவுண்டு கொடுக்க ஆரம்பித்தது, எந்தக் கொடுமையையும் நிரூபிக்கத் தேவையில்லை, அனுப்பப்பட்டிருந்தாலே போதும். அதைக் கவனித்தது நாட்டிங்ஹாமில் உள்ள சைல்ட் மைக்ரன்ட்ஸ் டிரஸ்ட். அவர் அதை வாங்கினாரா என்று கேளுங்கள், இல்லையென்றால் டிரஸ்டிடம் பேசச் சொல்லுங்கள்.

எதிர்வீட்டுத் தம்பி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் எண்களை எழுதிக் கொடுத்தேன். பவுண்டு வாங்கிவிட்டாராம், கூரை மாற்றியது அதில்தானாம். நோமோர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது வேறொன்று கேட்டார்: அம்மா அவருக்குக் கடிதம் ஏதும் எழுதியிருந்தால் விடுதிக் கோப்பில் இருக்குமா? இதை எங்கே கேட்பது?

பழைய கோப்பு:
ஃபைண்ட் அண்ட் கனெக்ட் என்று இலவசச் சேவை இருக்கிறது, விடுதிகளில் வளர்ந்தவர்களுக்குக் கோப்பு தேடித் தருவதுதான் அவர்கள் வேலை. மாநில அரசு, விடுதியை நடத்திய அமைப்பு என்று இரண்டு இடத்திலும் கேட்கச் சொல்லுங்கள், பல சமயம் ஒன்றில் இல்லாதது மற்றதில் கிடைக்கும். கோப்பு வரும் நாளில் நீங்கள் வீட்டில் இருந்தால் நல்லது. கடிதம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.