பாதுகாப்புப் பாதையில் போன நீர்மூழ்கியைச் சொந்தக் கப்பலே அடித்தது எப்படி?

வடகடல் கேட்டது:

அமெரிக்க நீர்மூழ்கி சீவுல்ஃப், 1944 அக்டோபர் 3 அன்று மொரோட்டாய் தீவுக்கு வடக்கே அமெரிக்கக் கப்பலின் கையாலேயே போயிருக்கவேண்டும் என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கிறார்கள். அது போய்க்கொண்டிருந்ததோ நீர்மூழ்கிகளுக்கென்றே ஒதுக்கிய பாதை. தண்ணீருக்கடியிலிருந்து ஒலி சிக்னலும் வந்திருக்கிறது. அப்படியும் ஏன் விடவில்லை? அடையாள சிக்னல் முறையே சரியில்லையா?

நங்கூரம் பதில்:

சிக்னலுக்கு அப்புறம் வருவோம். கோளாறு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

சீவுல்ஃப் ஒரு ராணுவக் குழுவையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு பிலிப்பைன்ஸின் சமார் தீவுக்குப் போய்க்கொண்டிருந்தது. கடல் கொந்தளிப்பால் திட்டத்தைவிட ஒரு நாள் பின்தங்கி, அதை மேலிடத்துக்கும் தெரிவித்துவிட்டது. ஆனால் கடலில் இருந்த வேட்டைக் கப்பல்கள் வரை அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. 3-ஆம் தேதி காலை 7:56-க்கு சீவுல்ஃபும் நார்வால் என்ற நீர்மூழ்கியும் ரேடார் மூலம் அடையாளம் பரிமாறிக்கொண்டன. சற்று நேரத்தில் ஷெல்டன் என்ற அமெரிக்க எஸ்கார்ட் (துணைக்காவல்) கப்பலை ஜப்பானின் ரோ-41 நீர்மூழ்கி டார்பிடோவால் அடித்தது. வேட்டை தொடங்கியது.

மிட்வே என்ற சிறிய விமானந்தாங்கியிலிருந்து வந்த விமானம், முங்கிக்கொண்டிருந்த ஒரு நீர்மூழ்கியைப் பார்த்து இரண்டு குண்டுகள் போட்டு, இடத்தைச் சாயத்தால் குறித்தது. ரிச்சர்ட் எம். ரோவெல் என்ற எஸ்கார்ட் கப்பல் அங்கே வந்து சோனாரில் (ஒலியால் நீருக்கடியில் தேடும் கருவி) பிடித்தது. கீழேயிருந்து நீண்டதும் குறுகியதுமாக ஒலிகள் வந்தன. நடப்பிலிருந்த அடையாள சிக்னல் எதோடும் ஒத்துப்போகவில்லை, எதிரி சோனாரைக் குழப்பப் பார்க்கிறான் என்று ரோவெல் முடிவுகட்டியது. உடனே ஹெட்ஜ்ஹாக் என்ற நீர்மூழ்கி எதிர்ப்பு ஆயுதத்தால் அடித்தது. அது ஒரே வீச்சில் 24 குண்டுகளைக் கப்பலுக்கு முன்னால் எறியும். எதிலாவது முட்டினால் மட்டுமே வெடிக்கும், அதனால் வெடிச்சத்தம் கேட்டாலே பட்டது என்று அர்த்தம். கேட்டது. கொஞ்சம் சிதைவும் பெரிய காற்றுக்குமிழியும் மேலே வந்தன.

ரோவெலின் கேப்டனுக்குத் தான் பாதுகாப்புப் பாதையில் நிற்பது தெரியும். தன்னிடமிருந்த பட்டியல்படி பக்கத்தில் நம் நீர்மூழ்கி எதுவும் இல்லை, ஆகவே பாதைக்குள் நீர்மூழ்கியைத் தாக்கக்கூடாது என்ற தடை இங்கே பொருந்தாது என்று நினைத்தார். அந்த எண்ணத்தோடு கேட்பவருக்கு எந்த ஒலியும் எதிரியின் தந்திரமாகத்தான் தோன்றும். கண்ணால் பார்த்த சாட்சி கிடையாது. ஆனால் ரோ-41 பத்திரமாக ஊர் திரும்பியது, சீவுல்ஃப் திரும்பவில்லை.

ஆழம்200 பதில்:

தடைப்பகுதி எவ்வளவு பெரியது என்று தெரிந்தால் விஷயம் இன்னும் விளங்கும். நட்புக் கடலில் துணையில்லாமல் போகும் அமெரிக்க நீர்மூழ்கிக்கு, அது இருக்கவேண்டிய இடத்திலிருந்து முன்னால் 50 மைல், பின்னால் 100 மைல், இருபக்கமும் 15 மைல் வரை குண்டு போடக்கூடாது என்பது அந்தப் போர்க்கால விதி. பின்பக்கம் இரட்டிப்பாக இருப்பதற்குக் காரணம், தாமதமாகத்தான் வரும், முந்தி வருவது அபூர்வம். ஆனால் இந்தப் பெட்டி கடலில் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது. அட்டவணைப்படி நகரும். தாமதத்தைச் சொல்லித் திருத்தாவிட்டால் நீர்மூழ்கி பின்தங்க, பெட்டி மட்டும் முன்னால் போய்விடும்.

1943 அக்டோபர் 12 இரவு கரீபியனில், குவாண்டனாமோவிலிருந்து கிளம்பிய கடல்விமானத்துக்குப் பெட்டியின் இடத்தையே தப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது ஒரு நீர்மூழ்கி மீது மூன்று ஆழ்குண்டுகள் போட்டது. பனாமாவுக்குப் போய்க்கொண்டிருந்த அமெரிக்க நீர்மூழ்கி டொராடோ வந்து சேரவேயில்லை. ஜெர்மன் கண்ணிவெடியாகவும் இருக்கலாம் என்ற கருத்து உண்டு. எப்படியானாலும் விமானிகளுக்குக் கிடைத்த தகவல் தப்பு என்பதில் சந்தேகமில்லை.

வடகடல்:

அப்படியானால் சிக்னலைச் சரியாகக் கொடுத்தாலும் பயனில்லையா?

ஆழம்200:

லா பெர்ல் கதையைப் பாருங்கள். 1944 ஜூலை 8, வட அட்லாண்டிக். பிரெஞ்சு நீர்மூழ்கி, அமெரிக்காவில் பழுதுபார்த்துவிட்டு ஐரோப்பா திரும்புகிறது. அது வருகிற செய்தி எதிரே வந்த கான்வாயின் (காவலோடு போகும் கப்பல் கூட்டம்) விமானிகளுக்குப் போகவில்லை. அந்தக் கான்வாயின் ஸ்வார்ட்ஃபிஷ் ரக விமானங்கள் வட்டமிட்டபோது லா பெர்ல் விளக்கால் 'எல்' எழுத்தைத் திரும்பத் திரும்பக் காட்டியது. அதுதான் சரியான பதில். எதிரே இருந்தவர்களுக்கு அது தெரியாது. உயிர்தப்பியவர் ஒரே ஒருவர்.

கயல்மீன் பதில்:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் பழியை முழுக்கத் தகவல் பிரிவின் மேல் போடுவதை ஏற்கமாட்டேன். நீர்மூழ்கியே தன் இடத்தைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கும் சம்பவங்களும் உண்டு. பகல் முழுக்க முங்கியிருந்தால் சூரியனையோ நட்சத்திரத்தையோ பார்த்து இடம் குறிக்க வழியில்லை. திசையும் வேகமும் வைத்துக் கணக்குப் போடுவதுதான். நீரோட்டம் அரை நாட் வேகத்தில் பக்கவாட்டில் தள்ளினால் 14 மணி நேரத்தில் 7 கடல் மைல் விலகியிருக்கும், உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாமலே.

1939 செப்டம்பர் 10, நார்வே கரையோரம், போர் தொடங்கி ஒரு வாரம்தான். பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஆக்ஸ்லி தன் எல்லையை விட்டு நகர்ந்து, பக்கத்தில் இருந்த இன்னொரு பிரிட்டிஷ் நீர்மூழ்கி ட்ரைட்டனின் ரோந்துப் பகுதிக்குள் வந்துவிட்டது. இரவு, இரண்டும் நீர்மேல். ட்ரைட்டன் மூன்று முறை விளக்கால் கேட்டது, பிறகு துப்பாக்கி கிரனேட் சிக்னலும் கொடுத்தது. பதில் எதுவும் தெரியவில்லை. இரண்டு டார்பிடோ. 53 பேர் போனார்கள், இரண்டு பேரைத்தான் தூக்க முடிந்தது. விசாரணையில் ட்ரைட்டன் மேல் குற்றமில்லை என்றார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. அந்த நிலையில் இன்னொரு நிமிடம் காத்திருந்தால், எதிரே இருப்பது உண்மையிலேயே ஜெர்மன் நீர்மூழ்கியானால், போவது ட்ரைட்டன்.

இன்னொன்று: நீர்மூழ்கிக்காரர்களுக்கு விமானத்தைப் பார்த்தாலே முங்கும் பழக்கம். நம்முடையதா என்று பார்த்துக்கொண்டு நின்றால் குண்டு விழும் என்று பட்டுத் தெரிந்த பாடம். ஆனால் முங்கிய நொடியில் விளக்கு, கொடி, புகை எல்லாம் போச்சு. மேலே இருக்கும் விமானிக்கோ, முங்குவதே இது எதிரிதான் என்பதற்குச் சாட்சி.

நங்கூரம்:

கயல்மீன் சொல்வது மேற்பரப்பில் சந்திப்பதற்குப் பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். சீவுல்ஃப் விஷயத்தில் மட்டும் மாறமாட்டேன். அது இருந்தது பாதைக்குள்ளேதான், தாமதத்தையும் சொல்லியிருந்தது. ஷெல்டன் அடிபட்ட பிறகு அந்த வட்டாரத்து நான்கு நீர்மூழ்கிகளையும் இடத்தைச் சொல்லச் சொன்னார்கள். மூன்று பதில் கொடுத்தன. நான்காவதன் பதில் வரும்வரை அந்தப் பாதைக்குள் ஹெட்ஜ்ஹாக் போடாமல் நிறுத்திவைக்க யாரும் ஆணையிடவில்லை.