கேரவன் வாசலுக்கு எந்தப் படி நல்லது?

வணக்கம். டெம்போ டிராவலர் வண்டி ஒன்றைக் கேரவனாக மாற்றிக்கொண்டிருக்கிறோம், அம்பத்தூரில் வேலை நடக்கிறது. எல்லாம் முடியப்போகிறது, வாசல் படிதான் இன்னும் முடிவாகவில்லை.

தரையிலிருந்து வாசல் 24 அங்குல உயரம். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இரண்டு படி வைத்தால் ஒவ்வொரு முறையும் 8 அங்குலம் ஏற வேண்டும், மூன்று வைத்தால் 6 தான். எனக்கு மூன்றுதான் சரி என்று படுகிறது. ஆனால் அடியில் மடங்கும் மூன்று படி, வேகத்தடையில் இடிக்காதா?

மோட்டார் படி வசதிதான். மழைக்காலத்தில் வேளச்சேரி மாதிரி தண்ணீர் தேங்கும் இடங்களில் அது தாங்குமா? படியை உள்ளே இழுக்காமல் வண்டியைக் கிளப்பினால் எச்சரிக்கும் பஸ்ஸரும் கட்டாயம் வேண்டும்.

தனியாக எடுத்து வைக்கும் அலுமினியப் படியையும் பார்த்தோம். ஈசிஆர் உப்புக் காற்றில் இரும்பு மாதிரி துருப்பிடிக்காது, எடையும் குறைவு. ஆனால் மணலில் படியின் கால் புதைந்து ஆடினால் அம்மா பயந்துவிடுவார். அடியில் பலகை போட்டால் போதுமா?

வயதானவர்களோடு பயணம் செய்பவர்கள் எதைப் பயன்படுத்துகிறீர்கள்? அப்புறம், ஈரத்திலும் வழுக்காத சொரசொரப்பான மேற்பரப்போடு, கைப்பிடியும் சேர்த்து உறுதியாகச் செய்துதரும் பட்டறை சென்னையில் தெரிந்தால் சொல்லுங்கள்.