வார்ம் ஒயிட் பெயின்ட் அடித்தால் ராத்திரியில் அழுக்காகத் தெரிகிறதே?

மொட்டைமாடி:
வணக்கம். வேளச்சேரியில் இரண்டாவது மாடி ஃபிளாட். ஹால் ஜன்னல் வடக்குப் பக்கம், எதிர் பில்டிங் நெருங்கி நிற்பதால் பகலிலும் வெளிச்சம் கம்மி. இப்போதுள்ள பளீர் வெள்ளை ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று அம்மா சொன்னதால் பொங்கலுக்குள் வார்ம் ஒயிட் (லேசாக மஞ்சள் கலந்த வெள்ளை) அடித்துவிடலாம் என்று சாம்பிள் டப்பா வாங்கி, சுவரில் ஒரு முழம் அடித்துப் பார்த்தேன். பகலில் பரவாயில்லை. ராத்திரி லைட் போட்டால் புகை பிடித்த சுவர் மாதிரி இருக்கிறது. ஷேடு தப்பா? தரை பழைய மொசைக், கதவெல்லாம் தேக்கு.

கரண்டி64:
என்ன லைட் போட்டிருக்கிறீர்கள்? நம் வீடுகளில் பெரும்பாலும் 6500 கெல்வின் எல்ஈடி ட்யூப்தான் (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண், குறையக் குறைய மஞ்சள் கூடும்), அந்த நீலம் கலந்த வெள்ளையில் எந்த வார்ம் ஒயிட்டும் செத்துப்போகும். பல்பு அட்டையில் எண் இருக்கும், பாருங்கள். ஹாலுக்கு 3000 ஒன்று வாங்கி மாட்டிவிட்டு அதே சுவரைப் பாருங்கள். படிக்கிற மேஜைக்கு மட்டும் 4000 வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு முறை பெயின்ட் மாற்றினோம், அந்தச் செலவு இன்னும் மனதில் இருக்கிறது.

திண்ணை:
லைட் சரி. ஆனால் பளீர் வெள்ளைக்கு நடுவில் ஒரு முழம் அடித்தால் எந்த ஷேடும் மஞ்சளாகத்தான் தெரியும் தம்பி. அந்தக் காலத்தில் சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்த வெள்ளையைப் பார்த்தே வளர்ந்ததால், வெள்ளை என்றால் அதுதான் என்று நம் கண்ணுக்குப் பழகிவிட்டது. பெரிய சார்ட் பேப்பரில் இரண்டு கோட் அடித்து, காய்ந்தபின் தேக்குக் கதவுக்குப் பக்கத்தில், தரையை ஒட்டி என்று இடம் மாற்றி நிறுத்திப் பாருங்கள். சுற்றியிருக்கும் வெள்ளை கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்று ஒரு பழைய வேட்டியைப் பின்னால் தொங்கவிடாதீர்கள், அதுவும் வெள்ளைதான். பழுப்புப் போர்வை போதும். தேக்கின் செம்மை பக்கத்துச் சுவரில் லேசாக ஏறும் என்பதால் மஞ்சள் குறைவான ஷேடே உங்களுக்குப் பொருந்தும். சீலிங்கைப் பளீர் வெள்ளையாக விடாதீர்கள், சேரும் இடத்தில் கோடு போட்ட மாதிரி தெரிந்து சுவர் இன்னும் மஞ்சளாகிவிடும்.

தூரிகை:
இருபது வருஷமாக இதே வேலைதான் சார், ஒன்று சொல்கிறேன். மழை நின்ற கையோடு அடிக்காதீர்கள். அரை மீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள், உள்பக்கம் ஈரம் கோத்தால் பொங்கல் போனாலும் பரவாயில்லை, காயவிடுங்கள். ஈரத்தோடு அடித்தால் உப்பு பூத்து, வெளிர் நிறத்தில் திட்டு திட்டாகத் தெரியும். அப்புறம் ஹாலுக்கு வேண்டிய பெயின்ட்டை மெஷினில் ஒரே தடவையில் கலக்கி வாங்குங்கள். பாதியில் தீர்ந்து, கையில் ஸ்டெய்னர் (நிறம் கூட்டும் சாயம்) ஊற்றிச் சரிக்கட்டலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், நான் கலக்கினாலும் அச்சு அசலாக வராது.

மொட்டைமாடி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அட்டையில் 6500 என்றுதான் இருக்கிறது! நேற்று 3000 மாட்டினேன், அதே சுவரைப் பார்த்து அம்மா "இதுவா அது?" என்று கேட்டார். ஜன்னலுக்குக் கீழே பிளாஸ்டிக்கில் வேர்த்திருக்கிறது, அதனால் பிப்ரவரிக்குத் தள்ளிவிட்டோம். ஸ்விட்ச் போர்டெல்லாம் பளீர் வெள்ளையாக இருக்கிறதே, அதையும் மாற்ற வேண்டுமா?

திண்ணை:
வேண்டாம். பத்து நாளில் கண் பழகிவிடும்.