கிணற்றடி நித்தியகல்யாணியும் வெள்ளிக்கிழமை ஊசியும்

எங்கள் வீட்டுக் கிணற்றடியில், துணி துவைக்கிற கல்லை ஒட்டி நித்தியகல்யாணி தானாகவே முளைத்துக் கிடக்கும். யாரும் அதற்கென்று ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியதில்லை. ஐந்து வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகுதான் அந்தச் செடியை நின்று பார்த்தேன். வெள்ளிக்கிழமைதோறும் அவனுக்குப் போடுகிற வின்கிறிஸ்டின் ஊசி இந்தச் செடியிலிருந்து எடுப்பது என்று வார்டு சிஸ்டர் சொன்னார். தண்ணீர் போல நிறமில்லாத மருந்து; ஒரு தடவைக்கு 1 மில்லிகிராம்தான். சிரையில் மட்டுமே ஏற்ற வேண்டும், வேறு வழியில் போனால் உயிர் போய்விடும் என்ற எச்சரிக்கை உறையில் இருந்தது. அதை அவரே எனக்கு வாசித்துக் காட்டினார். முதுகுத்தண்டில் போடுகிற ஊசியும் அவனுக்கு உண்டு. இரண்டும் தப்பித் தவறி மாறிவிடக் கூடாது என்று வேறு வேறு நாளில் வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து இதை மாமியாரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். மறுநாள் காலையில் தம்ளரில் கஷாயம் தயாராக இருந்தது. “ஊசியில் இருப்பதும் இதுதானே? வாயில் கொடுத்தால் பிள்ளைக்கு வலிக்காதே” என்றார். பேரனின் கையில் சிரை தேடிக் குத்துவதைப் பார்க்க முடியாமல் வராந்தாவுக்கு ஓடிவிடுகிறவர் அவர். என்ன சொல்ல? நல்லவேளை, கசப்பில் அவன் ஒரு வாய்கூட விழுங்கவில்லை.

மருத்துவரிடம் பயந்துகொண்டே கேட்டேன். அவர் திட்டவில்லை. “அந்த இலையில் ஆல்கலாய்டு என்கிற, உடம்பைப் பாதிக்கக்கூடிய வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. தம்ளரில் எது எவ்வளவு இறங்கியது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்த வாரம் வெள்ளையணு குறைந்தால் என் மருந்தால் குறைந்ததா, உங்கள் கஷாயத்தாலா என்று நான் எங்கே போய்த் தேடுவது?” என்றார்.

பிறகு ஒரு பழைய கதையும் சொன்னார். 1952இல் ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு ஒரு கடித உறையில் இந்தச் செடியின் 25 இலைகள் வந்தனவாம். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இதைத்தான் தேநீராகக் குடித்திருக்கிறார்கள். ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளர் எலிகளுக்கு வாய்வழி கொடுத்துப் பார்த்தார், சர்க்கரை இறங்கவில்லை. சாற்றை ஊசியில் ஏற்றியபோது எலிகள் தொற்று வந்து செத்தன, ஏனென்றால் வெள்ளையணுக்கள் சரிந்துவிட்டன. அந்தத் தடத்தைப் பிடித்துப் போய்த்தான் அவரும் சக ஆய்வாளர் சார்லஸ் பீரும் 1958இல் வின்பிளாஸ்டின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். வின்கிறிஸ்டினை எலி லில்லி (Eli Lilly) என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தார் கண்டார்கள். இதைக் கேட்ட பிறகு மாமியார் கஷாயப் பேச்சை எடுக்கவில்லை. எலி செத்த கதைதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

ஊசியும் லேசுப்பட்டதல்ல. மூன்றாம் நாள் தாடை வலி, மலச்சிக்கல். சில வாரங்களில் பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் தட்டித் தட்டி நடந்தான். ஒரு நாள் செருப்பு கழன்று வாசலிலேயே கிடக்க, அது தெரியாமல் தெருமுனை வரை போய்விட்டான். செல் பிரியும்போது உள்ளே கட்டுகிற நுண்குழாய்களைக் கட்டவிடாமல் தடுப்பதுதான் இந்த மருந்தின் வேலை. நரம்புக்கும் அதே குழாய்கள் தேவை என்பதால் வந்த வினை. பிசியோதெரபியில் மெல்லச் சரியானது.

பதில்: தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு விவசாயி

அம்மா, அந்தச் செடியை மானாவாரியில் விதைத்தவன் நான். விதை கடுகைவிடச் சிறியது. மணலில் கலந்துதான் தூவ வேண்டும். ஆடு வாய் வைக்காது, அதனால் வேலி தேவையில்லை. ஓராண்டுப் பயிர். நடுவில் இரண்டு முறை இலை உருவுவோம், கடைசியில் செடியோடு பிடுங்கி வேரைக் காயவைப்போம். “வெளிநாட்டு மருந்துக்குப் போகிறது” என்பதற்கு மேல் வியாபாரி ஒன்றும் சொன்னதில்லை. எடைக்கல் பக்கம்தான் எங்கள் கண் இருக்கும். 1 கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறக்குறைய 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்று என் மகள் படித்துச் சொன்னாள். வின்கிறிஸ்டின் இலையில் அதைவிடக் குறைவாம். இதைக் கேட்டதும் எங்கள் விலைதான் முதலில் நினைவுக்கு வந்தது. பொய் சொல்வானேன்.

பதில்: மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்த ஒருவர்

எனக்குப் போட்டது பாக்லிடாக்சல். அமெரிக்காவின் பசிபிக் யூ (yew) என்ற மரத்தின் பட்டையை 1962இல் சேகரித்ததிலிருந்து தொடங்கிய மருந்து. இது உங்கள் மகனுடைய மருந்துக்கு நேர்எதிர்: அது குழாயைக் கட்டவிடாது, இது கட்டிய குழாயைப் பிரியவிடாது. முதல் தடவை ஏற்றிய பத்தாவது நிமிடம் முகம் சிவந்து மூச்சு முட்டியது. உடனே நிறுத்திவிட்டார்கள். மருந்து தண்ணீரில் கரையாது என்பதால் ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கரைப்பானில் கலந்திருப்பார்கள். ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம் என்றார்கள். பின்னர் முன்மருந்து கொடுத்து மெதுவாக ஏற்றியபோது பிரச்சினை வரவில்லை.

விரல் நுனி மரத்துப்போய் ஜாக்கெட் ஊக்குப் போடத் தடுமாறிக்கொண்டிருந்த நாளில் உறவுக்காரர் ஒருவர் முள்சீத்தா இலைப் பொடி வாங்கி வந்தார். “கீமோவைவிட ஆயிரம் மடங்கு” என்று வாட்ஸ்அப்பில் வந்ததாம். சோதனைக் குழாயில் செல்லைக் கொல்வது வேறு, மனித உடம்பில் நோயைத் தீர்ப்பது வேறு. இரண்டாவதற்கு இன்றுவரை சான்றில்லை. அதில் இருக்கிற அனோனாசின் என்ற பொருளோ நரம்பைத் தாக்கக்கூடியது. மரத்த விரலுக்கு அதுவுமா? பொடியை வாங்கி வைத்துக்கொண்டேன், உறவு கெட வேண்டாம் என்று. தொடவில்லை.

முதலில் எழுதியவர்

ஐயா, விலையைப் பற்றி எழுதியதில் தவறே இல்லை. அந்த இலைக்கு உங்களுக்கு என்ன கிடைத்தது என்று நானே கேட்க நினைத்தேன்.

மகனுக்கு இப்போது எட்டு வயது. சிகிச்சை முடிந்து மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை மட்டும். பின்வார் வைத்த செருப்பை இன்னும் விடவில்லை. கிணற்றடிச் செடி அப்படியே இருக்கிறது. மாமியார் காலையில் நாலு பூப் பறித்துச் சாமி படத்துக்கு வைக்கிறார்; இலையை மட்டும் தொடுவதில்லை.