கையில் ஒரு மறுமதிப்பீட்டுப் படிவம்

கோவையில் பொறியியல் படித்தவன்:

கல்லூரியில் மனநல ஆலோசகரைப் போய்ப் பார்த்தவர்கள் நடந்ததை நடந்தபடி இங்கே எழுதுங்கள். அறிவுரை வேண்டாம், அது வீட்டிலேயே வேண்டிய மட்டும் கிடைக்கிறது. நானே தொடங்குகிறேன்.

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி, தமிழ்வழி. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக அப்பா மூன்று நாள் வேலையை விட்டுவிட்டு அலைந்தார். முதல் பருவத்தில் ஆறு தாளில் நான்கு அரியர். மாசியில் குலதெய்வப் பூசைக்கு ஊருக்குப் போகவில்லை, தேர்வு இருக்கிறது என்று பொய் சொன்னேன். தெருவில் எல்லோரும் என்னை 'இன்ஜினியர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

விடியற்காலை நான்கு மணி வரை விழித்துக் கிடப்பேன். பிறகு தூங்கி, வகுப்பு முடியும் நேரத்தில் எழுவேன். ஒரு நாள் அறை நண்பன், "டேய், மூன்று நாளாக உன் தட்டு நனையவே இல்லை" என்றான். விடுதியில் அவரவர் தட்டை அவரவரே கழுவிச் சன்னலில் கவிழ்த்து வைப்போம். அவன் பார்த்தது அந்தத் தட்டைத்தான்.

ஆலோசகர் அறை தேர்வுப் பிரிவுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே அறை ஒதுக்கிய மகானுபாவர் யாரோ தெரியாது. மறுமதிப்பீட்டுக்கு நிற்கும் வரிசையைத் தாண்டித்தான் போக வேண்டும், வரிசையில் பாதிப் பேர் என் வகுப்பு. அதனால் ஒரு மறுமதிப்பீட்டுப் படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போவேன். யாராவது பார்த்தால் படிவம் கொடுக்க வந்தேன் என்று சொல்லலாம். வரிசை கரைந்ததும் சட்டென்று உள்ளே நுழைந்துவிடுவேன்.

முதல் நாள் இருபது நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அந்த அம்மாவும் வற்புறுத்தவில்லை. என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்குப் படுத்தேன் என்று மட்டும் கேட்டு, ஒரு வாரத்துக்கு அதை எழுதி வரச் சொன்னார். மூன்றாவது முறை போனபோது படிவத்தைப் பார்த்துச் சிரித்தார்: "இதைக் கொடுக்கக் கடைசி நாள் முடிந்து பத்து நாளாயிற்றே தம்பி." மடித்து மடித்து அதன் விளிம்பு நைந்திருந்தது. அன்றைக்குத்தான் அழுதேன்.

எனக்கு மூளை இல்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அவர் கேட்டுக் கேட்டுப் பார்த்ததில், வகுப்பில் ஆங்கிலத்தில் சொல்வது எனக்குப் புரியவில்லை, புரியவில்லை என்று சொல்ல வெட்கம், அதனால் வகுப்புக்கே போவதில்லை என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. எடையும் ஏழு கிலோ குறைந்திருந்ததால் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். எனக்கு அடிவயிறு கலங்கியது. எங்கள் ஊரில் கீழ்ப்பாக்கம் என்பது இடத்தின் பெயர் அன்று, வசவு. சென்னையில் 1794-இல் தொடங்கி, பிறகு அங்கே இடம் மாறிய மனநல மருத்துவமனை என்ன பாவம் செய்ததோ.

மருத்துவர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, "இது தலைவலி மாத்திரை மாதிரி அன்றைக்கே கேட்காது. இரண்டு மூன்று வாரம் ஆகும். இடையில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்" என்றார். சொல்லாமல் விட்டிருந்தால் நான்காம் நாளே தூக்கிப் போட்டிருப்பேன். நான்கு அரியரையும் முடிக்க எனக்கு இரண்டு ஆண்டு ஆயிற்று.

மதுரை, கலைக் கல்லூரி:

உங்களுக்கு நல்லவர் வாய்த்தார். எங்கள் கல்லூரியில் ஆலோசகர் என்று பலகையில் எழுதியிருந்த பெயர் எங்கள் துறைப் பேராசிரியை ஒருவருடையது. பாடம் எடுப்பார், அகமதிப்பீட்டு மதிப்பெண் போடுவார், மதியத்துக்கு மேல் மனநல ஆலோசகர். இரண்டு நாள் பயிற்சி முடித்தவராம். நம்பிப் போய், உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று சொன்னேன். "சரி, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதே அம்மாவின் அழைப்பு. "உனக்கு என்னடி குறை வைத்தோம்?" இந்த ஒரு கேள்விக்கு இன்று வரை எனக்குப் பதில் தெரியாது. அடுத்த வாரம் கையில் ஒரு கறுப்புக் கயிறு ஏறியது. அதற்கடுத்த வாரம் ஜாதகம் வெளியே போனது.

வீட்டுக்குச் சொன்னது தவறு என்றுகூட நான் சொல்ல மாட்டேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

பிறகு ஓர் இரவு மொட்டைமாடியில் நின்று 14416-ஐ அழைத்தேன். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண் அது. கட்டணம் இல்லை, இரவிலும் எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசலாம். எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி: "இப்போது பேச வசதியான இடத்தில் இருக்கிறீர்களா அம்மா?" பக்கத்தில் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இருக்கும்வரை கீழே கேட்காது என்றேன். மோட்டார் நிற்கும்வரை பேசினோம். மறுநாளும் பேசினேன்.

சென்னை, சுயநிதிக் கல்லூரி:

என்னை யோகா வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். போனேன். முதுகுவலி போயிற்று. மற்றது அப்படியே இருக்கிறது.

கல்லூரி ஆலோசகர், பதினொரு ஆண்டு அனுபவம்:

மதுரைத் தோழிக்கு நேர்ந்தது எங்கள் தொழிலில் பெரிய பிழை. மதிப்பெண் போடும் கையும் ரகசியம் கேட்கும் காதும் ஒரே ஆளுக்கு இருக்கக் கூடாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவில், சிகிச்சை தருகிறவர் ரகசியம் காக்க வேண்டும் என்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் அதைத் தடுக்கத் தேவையான அளவு மட்டும் சொல்லலாம், அதற்கு மேல் கூடாது. 'அளவு' என்ற அந்தச் சொல்லைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். நானும் ஒரு முறை விழுங்கியிருக்கிறேன். தொடக்கக் காலத்தில் ஒரு மாணவனைப் பற்றி விடுதிக் காப்பாளரிடம் இரண்டு வாக்கியம் கூடுதலாகச் சொல்லிவிட்டேன். அவன் அதன் பிறகு என் அறைப் பக்கம் வரவே இல்லை.

இப்போது உட்கார்ந்ததும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: "இங்கே பேசுவது இங்கேயே இருக்கும். உங்கள் உயிருக்கு ஆபத்து என்று எனக்குப் பட்டால் மட்டும் வீட்டில் ஒருவரிடம் சொல்வேன். உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன். அந்த ஒருவர் யார் என்று நீங்களே சொல்லுங்கள்." அப்பா பெயரைச் சொல்கிறவர்கள் குறைவு. சித்தி, தாய்மாமன், கட்டிக்கொடுத்த அக்கா என்று வரும். ஒரு பையன் டியூஷன் வாத்தியார் பெயரைச் சொன்னான். அவரும் அன்று இரவே பஸ் பிடித்து வந்துவிட்டார்.

வருகிறவர்களில் பலர், "எனக்கு இல்லை மேடம், என் நண்பனுக்கு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நானும் இரண்டு வாரம் அந்த நண்பனையே விசாரித்துக்கொண்டிருப்பேன்.

படிவம் பற்றிப் படித்ததும் சிரிப்பும் சங்கடமுமாக இருந்தது. என் அறையும் முதல்வர் அலுவலகத்துக்கு எதிரே இருந்தது. வாசலில் ஒரு பதிவேடு வேறு: பெயர், வகுப்பு, வந்த காரணம். மூன்று ஆண்டு சண்டை போட்டு நூலகத்தை ஒட்டிய ஓர் அறைக்கு மாறினேன். நூலகத்துக்கு யாரும் எதற்கும் வரலாம். பதிவேடு இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, காரணம் என்ற கட்டம் இல்லை.

நூறு மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லியிருக்கிறது. எங்கள் கல்லூரியில் மூவாயிரத்துச் சொச்சம் பேருக்கு நான் ஒருத்தி. கணக்குக்குச் சரிதான்.

அந்தத் தட்டைப் பார்த்தவன்:

அவன் என்னைப் பற்றி எழுதியிருப்பதை இப்போதுதான் பார்த்தேன். ஒன்றை அவனிடம்கூட நான் சொன்னதில்லை. அவனிடம் பேசுவதற்கு முன்னால் சென்னையில் இருக்கும் 'சினேகா' அமைப்புக்குத் தொலைபேசியில் பேசினேன். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு மையம் அது. சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே கிளப்பிவிட்டதாக ஆகிவிடுமோ என்பதுதான் என் பயம். அப்படி ஆகாது, கேட்கலாம், கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள் என்றார்கள்.

கேட்டேன். அவன் பதில் சொல்ல வெகுநேரம் ஆயிற்று. அந்த ராத்திரி இரண்டு பேரும் தூங்கவில்லை. காலையில் மெஸ்ஸில் பொங்கல். அவன் தட்டையும் சேர்த்து நானே கழுவினேன், அதை மட்டும் இன்னும் சொல்லிக் காட்டுவேன்.

திருச்சி, முதலாம் ஆண்டு:

எல்லாவற்றையும் படித்தேன். ஒரே ஒரு சந்தேகம். அரசு மருத்துவமனைச் சீட்டில் மனநலம் என்று எழுதுவார்களா? அக்கா கூட வருகிறேன் என்கிறாள். ஆனால் சீட்டை வீட்டில் யாராவது பார்த்துவிட்டால்?

கோவையில் பொறியியல் படித்தவன்:

எனக்குக் கொடுத்ததில் அறை எண் மட்டும்தான் இருந்தது. காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் கூட்டம் தாங்காது. ஆனால் சீட்டு போடும் இடத்தில் எந்தப் பிரிவு என்று கேட்பார்கள். நான் முணுமுணுத்தேன், காதில் விழவில்லை என்றார்கள், உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. தலையைக் குனிந்தபடியே திரும்பினேன். பின்னால் நின்ற பாட்டி என் தோளைத் தட்டி, "அது மாடியில் தம்பி. கொஞ்சம் இரு, நானும் அங்கேதான் போகிறேன்" என்றார்.